கொக்கின் குறி

குளத்துப் படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு கூழாங்கல்லை நீளமான குச்சியால் தொட முயன்று பாருங்கள். தண்ணீர் தெளிவு, கல் அசையவில்லை, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. இருந்தும் குறி பார்த்து ஒரே வீச்சில் குச்சியை இறக்கினால் அது கல்லுக்கு மேலாகப் போய் அப்பால் தரையில் குத்தும். மெல்ல இறக்கினால் தொட்டுவிடலாம். ஏனென்றால் தண்ணீருக்குள் போன குச்சியும் கல்லைப் போலவே இடம் மாறித் தெரியும். இரண்டையும் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வீச்சில் இறக்கும்போது திருத்துவதற்கு நேரம் இல்லை.

ஏரிக்கரையில் நிற்கும் சின்னக்கொக்குக்கும் அந்த நேரம் கிடையாது. மடக்கி வைத்த கழுத்தை அது நீட்டும் வேகம், பக்கத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கே பிடிபடாது. இரையோ கல்லைப் போலக் கிடப்பதில்லை, ஓடக்கூடிய கெண்டைக் குஞ்சு. குத்து தவறினால் அந்த மீன் போனது போனதுதான். அக்கம்பக்கத்தில் இருந்த மீன்களும் கலைந்துவிடும். அப்படியும் கொக்கு பிடித்துத் தின்று, கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து வளர்த்துவிடுகிறது. நமக்குத் தப்பும் குறி அதற்கு எப்படி வாய்க்கிறது?

பறவைகளைப் படமெடுப்பவர்களில் பலருக்குக் கொக்கு என்றால் ஒரே ஒரு படம்தான் கனவு: அலகு நுனியில் துள்ளும் மீன், சுற்றிலும் தெறிக்கும் நீர்த்துளிகள். அந்தப் படத்துக்காக நானும் கரையில் காத்துக் கிடந்திருக்கிறேன். ஆனால் கொக்கு செய்யும் காரியத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதற்கு முந்தைய படங்கள்தான் வேண்டும். அலகு இன்னும் தண்ணீரைத் தொட்டிருக்காது, பறவை சும்மா குனிந்து நிற்பது போலத் தெரியும், வீட்டுக்கு வந்ததும் அவற்றைத்தான் முதலில் அழிப்போம். கொக்கின் கணக்கு முழுவதும் அந்தப் படங்களில்தான் இருக்கிறது.

முதலில் தண்ணீர் செய்யும் வேலையைப் பார்ப்போம். தார்ச்சாலையில் போகும் டிராக்டர் ஒன்று சாய்வாகச் சேற்று வயலுக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து முன்சக்கரம் முதலில் சேற்றைத் தொட்டு வேகம் குறைகிறது. மற்றச் சக்கரம் இன்னும் தாரில் இருப்பதால் பழைய வேகத்திலேயே போகிறது. ஓட்டுநர் திருப்பாமலே வண்டி ஒரு பக்கம் திரும்பிவிடும். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் இறங்குமாறு நேராகப் போனால் வேகம் குறையுமே தவிர வண்டி திரும்பாது. ஒளிக்குத் தண்ணீர்தான் சேறு. காற்றில் போகும் வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேகத்தில்தான் அது தண்ணீருக்குள் போகும். சாய்வாக வந்தால் நீர்ப்பரப்பில் மடங்கும், செங்குத்தாக வந்தால் மடங்காது. இதைத்தான் ஒளிவிலகல் என்கிறோம். ஒளி எந்தப் பக்கமாகப் போனாலும் பாதை ஒன்றே. ஆகவே மீனிலிருந்து கிளம்பிக் காற்றுக்கு வரும் ஒளியும் அதே இடத்தில் அதே அளவு மடங்குகிறது.

கண்ணுக்கு இந்த மடிப்பு தெரியாது. ஒளி நேர்கோட்டில்தான் வந்தது என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் நீட்சியில் மீனை வைத்துப் பார்க்கும். அதனால் மீன் இருக்கும் இடத்தைவிட மேலே தெரிகிறது.

எவ்வளவு பிழை வரும் என்பதைக் கொஞ்சம் எண்ணாகவே பார்க்கலாம். 20 செ.மீ. ஆழத்தில் ஒரு மீன் அசையாமல் நிற்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் அது 15 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பக்கவாட்டில் எந்தப் பிழையும் இல்லை. செங்குத்தாக அலகை இறக்கினால் சற்று ஆழமாகப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வாகப் பார்த்துக்கொண்டு, தெரியும் திசையிலேயே நேராகக் குத்தினால், அலகு அந்த ஆழத்துக்குப் போகும்போது மீனிலிருந்து மூன்றரை செ.மீ. விலகியிருக்கும். 60 டிகிரி சாய்வானால் விலகல் 17 செ.மீ.க்கு மேல். சாய்வு இரண்டு மடங்கானால் பிழை ஐந்து மடங்காகிறது. சின்னக்கொக்கு தின்னும் மீன்களில் பெரும்பாலானவை ஒரு விரல் நீளம்கூட இல்லாதவை. மூன்றரை செ.மீ. பிழை என்றாலே பட்டினிதான்.

அப்படியானால் எப்போதும் மீனுக்கு நேர் மேலே நின்று குத்தலாமே என்று தோன்றும். இங்கே மீனின் பக்கத்திலிருந்தும் யோசிக்க வேண்டும். அசையாத தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, கரை, மரம், வானம் என்று வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஏறக்குறைய 97 டிகிரி விரியும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒளிவிலகல் விதியோடு பெயர் சேர்ந்துவிட்ட நெதர்லாந்து அறிஞர் ஸ்னெல்லின் நினைவாக இதை ஸ்னெல் சாளரம் என்பார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி, அடித்தரையைத்தான் திருப்பிக் காட்டும். முழு அக எதிரொளிப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதுதான். சாளரத்தின் நடுவில் இருப்பவை மீனுக்குப் பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும். ஓரத்தில் இருப்பவை நசுங்கித் தட்டையாகத் தெரியும். ஆக, கொக்கு நேர் மேலே வந்தால் குறி சுலபம், ஆனால் மீன் பார்த்துவிடும். தள்ளி நின்றால் மீனுக்குச் சரியாகத் தெரியாது, குறி கடினமாகிவிடும். கொக்கு ஒவ்வொரு குத்துக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது? 1980களில் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காடி கட்சீர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அவர் நேத்தன் இன்ட்ரேட்டருடன் சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்ற பறவை கரைக்கொக்கு. செங்கடல் தொடங்கி இந்தியக் கடற்கரைகள் வரை வாழ்வது; கருஞ்சாம்பல் நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் உண்டு. கூண்டில் வளர்த்த கரைக்கொக்குகளுக்குத் தண்ணீருக்குள் அசையாத இரையை வைத்தார்கள். குத்தும் காட்சியைப் பக்கவாட்டிலிருந்து படம்பிடித்து, பிறகு ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி, கண் எங்கே இருக்கிறது, அலகு நுனி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனார்கள். பொறுமையை உரித்து எடுக்கும் வேலை. கணினி தானாகக் குறித்துக் கொடுக்காத காலம் அது.

குறித்த புள்ளிகளை இணைத்துப் பார்த்தபோது ஒரே செயலாகத் தோன்றிய குத்து இரண்டாகப் பிரிந்தது. முதலில் தலை மெதுவாக, நேர்கோட்டில் இரையை நோக்கி இறங்குகிறது. பிறகு ஒரு புள்ளியில் திடீரென வேகம் பிடிக்கிறது. முதல் பகுதியை நெருங்கு கட்டம் என்றும் அடுத்ததைக் குத்துக் கட்டம் என்றும் நாம் வைத்துக்கொள்ளலாம். விஷயம் இருப்பது இரண்டுக்கும் இடையிலான அந்தத் திருப்புமுனையில். பொதுவாகப் பார்த்தால் இரை தெரியும் ஆழத்துக்கும் அது உண்மையில் இருக்கும் ஆழத்துக்கும் உள்ள உறவு சிக்கலானது. பார்க்கும் கோணம் மாற மாற அதுவும் மாறும். ஆனால் கொக்குகள் வேகம் பிடித்த புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு தெரியும் ஆழத்தையும் உண்மை ஆழத்தையும் வரைபடத்தில் போட்டால், அவை கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வந்து விழுந்தன. அதாவது, சிக்கலான உறவை எளிய உறவாக மாற்றும் இடத்துக்குத் தலையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் பறவை குத்துகிறது. அங்கே போய்விட்டால் "இவ்வளவு ஆழத்தில் தெரிகிறதா, இத்தனை பங்கு கூடுதலாக இறக்கு" என்ற ஒரே விதி போதும்.

ஒளியியல் கணக்கைத் தலைக்குள் போடும் பறவை என்று கொக்கைப் புகழ்வார்கள். எனக்கு அதைவிட இது பெரிய வியப்பு. கணக்கைப் போடாமலே விடை கிடைக்கும் இடம் எதுவென்று அதன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

நல்ல வாசகர் இங்கே ஒரு சந்தேகம் எழுப்ப வேண்டும். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன, சரி. கழுத்தின் அமைப்பால் தலை இயல்பாகவே அங்கேதான் போய் நிற்கும் என்றால்? அந்த நேர்கோட்டுக்கும் மீனைப் பிடிப்பதற்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? இதற்குப் பதில் வெற்றிகளில் கிடைக்காது. தோல்விகளைத்தான் பார்க்க வேண்டும். அந்த அணி அதையே செய்தது. கரைக்கொக்குகள் தவறவிட்ட குத்துகளை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்து 1989இல் எழுதினார்கள். தவறிய குத்துகளில், வேகம் பிடித்த நேரத்துத் தலை நிலை அந்த உறவிலிருந்து விலகியிருந்தது. அவசரப்பட்டோ வேறு காரணத்தாலோ சரியான இடத்துக்கு வராமலே குத்திய கொக்கு, மீனைத் தவறவிட்டது.

அடுத்த படி, நாமே குறுக்கே புகுந்து பார்ப்பது. 1991இல் ஆர்னன் லோட்டெம், கட்சீர் முதலானோர் வெளியிட்ட ஆய்வில் சின்னக்கொக்குகள் இடம்பெற்றன. இஷ்டம்போல் நின்று குத்தவிட்டபோது நன்றாகப் பிடித்தன. நீர்ப்பரப்பை ஒட்டிய சாய்ந்த கோணத்தில்தான் குத்த முடியும் என்று கட்டுப்படுத்தியபோது வெற்றி குறைந்தது. கண் அதே கண், கழுத்து அதே கழுத்து. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் பறிபோயிருந்தது.

மூன்றாவது சான்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் வரும் பறவையை நாம் ஏரிக்குப் போகாமலே பார்க்கலாம். மாட்டின் காலடியில் நடந்து, புல்லிலிருந்து எழும்பும் வெட்டுக்கிளியைக் கொத்தும் உண்ணிக்கொக்கு. சின்னக்கொக்கோடு நிறுத்தினால் பலருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உண்ணிக்கொக்கு சற்றே குள்ளம், கழுத்து தடிப்பு, அலகு மஞ்சள். சின்னக்கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் உண்ணிக்கொக்கையும் வேறு சில கொக்கினங்களையும் ஒப்பிட்டார்கள். தண்ணீருக்குள் இருக்கும் இரையைக் குத்துவதில் உண்ணிக்கொக்கு மற்றவற்றைவிடப் பின்தங்கியது. கொக்குக் குடும்பத்தில் பிறந்துவிட்டால் மட்டும் இந்தத் திறமை வந்துவிடாது என்பது இதில் தெளிவாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குள் பிழைப்பு நடத்திய இனங்களிடம் அது இருக்கிறது. வயலுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் வந்துவிட்ட இனத்திடம் குறைந்திருக்கிறது.

இனி அந்த உடம்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கொக்கின் கழுத்து வளைந்து வளைந்து நிற்பதை எல்லோரும் கவனித்திருப்போம். அது பாம்பு வளைவது போன்ற சீரான வளைவு கிடையாது. கூர்ந்து பார்த்தால் ஓர் இடத்தில் முழங்கை மடங்கியது போன்ற கோணம் தெரியும். ஆறாவது கழுத்து முள்ளெலும்பு மற்றவற்றைவிட நீண்டிருப்பதும், அங்கே மூட்டுகள் வேறு விதமாக அமைந்திருப்பதுமே காரணம். மடிந்திருந்த அந்த இடம் சட்டென்று விரியும்போதுதான் தலை அம்பாகப் பாய்கிறது. பறக்கும்போதும் கழுத்தை இப்படியே மடித்து வைத்துக்கொள்ளும். தூரத்தில் பறப்பது கொக்குக் குடும்பமா, கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை வகையா என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம். சாம்பல் நாரை, செந்நாரை என்று நாம் சொல்லும் இரண்டும் உண்மையில் கொக்குக் குடும்பம்தான். பறக்கும்போது கழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணும் விசேஷமானது. கிரஹாம் மார்ட்டினும் கட்சீரும் 1994இல் கொக்குகளின் பார்வைப் புலத்தை அளந்து எழுதினார்கள். இரண்டு கண்ணும் ஒருசேரப் பார்க்கும் பகுதி அகலத்தில் குறுகியது, ஆனால் மேலிருந்து கீழாக மிக நீண்டது. அலகை நேராக நீட்டிக்கொண்டு நிற்கும்போதே அலகுக்குக் கீழே, தன் காலடி வரை இரண்டு கண்ணாலும் கொக்கால் பார்க்க முடிகிறது. தொலைவில் எதையோ வெறித்துக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றும் பறவை, தன் பாதத்தருகே நீந்தும் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முன்னாலிருந்து எடுத்த நெருக்கமான படங்களில் இரண்டு கண்களும் அலகுக்கு அடியில் எட்டிப் பார்ப்பது நன்றாகவே பதிவாகும்.

இவ்வளவு இருந்தும் ஒரு தொல்லை மிச்சம்: நீர்ப்பரப்பின் பளபளப்பு. வானத்தின் ஒளி தண்ணீரில் பட்டுத் திரும்பி வந்து கண்ணை நிறைத்தால், உள்ளே இருக்கும் மீன் தெரியாது. ஜான் கிரெப்ஸும் பிரையன் பார்ட்ரிட்ஜும் 1973இல் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். வட அமெரிக்காவின் பெரிய நீலக் கொக்கு மீன் பார்க்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பதைக் கவனித்து, அந்தச் சாய்வு சூரியன் இருக்கும் திசையோடு தொடர்புடையது, பளபளப்பைத் தவிர்க்கத்தான் அது சாய்க்கிறது என்று காட்டினார்கள். ஆப்பிரிக்காவின் கருங்கொக்கு இதற்கு இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு சிறகையும் தலைக்கு முன்னால் குவித்து, தண்ணீர்மேல் நிழல் விழச் செய்து, அந்த நிழலுக்குள் தலையை விட்டு மீன் தேடும்.

கேமராக்காரர்கள் இதே தொல்லைக்குத் தளவிளைவு வடிகட்டியை மாட்டுவார்கள். கடைகளில் சிபிஎல் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒளி அலையாகப் போகும்போது அதன் அதிர்வு எல்லாத் திசையிலும் இருக்கும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியில் மட்டும் கிடைமட்ட அதிர்வு மிகுந்திருக்கும். இப்படி ஒரே தளத்தில் அதிர்வு ஒழுங்குபடுவதே தளவிளைவு. செங்குத்திலிருந்து 53 டிகிரி அளவில் பார்க்கும்போது அது உச்சத்தில் இருக்கும். கிடைமட்ட அதிர்வைத் தடுக்குமாறு வடிகட்டியைத் திருப்பினால், பளபளப்பு மறைந்து தண்ணீருக்குள் இருப்பது தெளிந்துவிடும். கொக்கின் கால்கள் நீர்ப்பரப்பில் ஒடிந்தது போல விலகித் தெரிவதும் அப்போதுதான் படத்தில் அழகாக விழும். ஆனால் வடிகட்டி ஒளியில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் விழுங்கிவிடும். விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் குறைந்து, குத்தும் தலை கலங்கிப் போகும். குத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் நான் வடிகட்டியைக் கழற்றிவிடுவேன்.

வெள்ளைக் கொக்கைப் படமெடுப்பதில் இன்னொரு பிரச்சினை, அதற்குக் காரணம் கேமராவின் ஒளிமானி. எதிரில் இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் சராசரியாக்கி, நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சமாகப் பதிவு செய்யப் பார்க்கும். கறுத்த தண்ணீர் பரந்து கிடக்க, நடுவில் சின்னதாக ஒரு கொக்கு நின்றால், ஒளிமானி இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு வெந்துபோன வெள்ளைத் திட்டாக விழும், ஓர் இறகு ரேகைகூடத் தெரியாது. அதே கொக்கு சட்டகத்தை நிறைத்து நின்றால், இத்தனை வெள்ளையா என்று வெளிச்சத்தைக் குறைத்து, அழுக்குச் சாம்பலாக்கிவிடும். முதல் நிலையில் ஈடுசெய்யும் பொத்தானைக் குறைவுப் பக்கமும், இரண்டாவதில் கூடுதல் பக்கமும் நகர்த்த வேண்டும். சந்தேகம் என்றால் குறைவாகவே எடுங்கள். இருண்ட இறகைப் பிறகு கணினியில் மீட்கலாம். வெந்த இறகை மீட்க முடியாது. அந்த வெள்ளைக்குள் சாயம் ஏதும் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். இறகின் கெரட்டின் புரதமும் அதற்குள் சிறைப்பட்ட காற்றும் எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிப்பதால் வரும் வெள்ளை அது.

ஒரே ஏரியில் எல்லாப் பறவையும் ஒளிவிலகலோடு மல்லுக்கட்டுவதில்லை என்பதையும் வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ நின்று பார்த்துவிடலாம். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் தண்ணீருக்குள்ளேயே போய்விடுகின்றன. பார்ப்பவரும் இரையும் ஒரே பக்கம் வந்துவிட்டால் நீர்ப்பரப்பு குறுக்கே இல்லை. கரண்டிவாயன் அலகைத் திறந்து தண்ணீருக்குள் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கும். எது படுகிறதோ அதைக் கவ்வும். மஞ்சள்மூக்கு நாரையும் கலங்கிய நீரில் திறந்த அலகை விட்டு, மீன் தொட்டதும் மூடிவிடும். இதன் நெருங்கிய உறவான அமெரிக்க மர நாரையைக் கால், பீகாக் என்ற இருவர் சோதித்து 1963இல் எழுதினார்கள். மீன் தொட்டதும் அலகு மூட எடுத்துக்கொண்ட நேரம் நொடியில் 40இல் ஒரு பங்கு. மனிதர் கண் சிமிட்டி முடிப்பதற்குள் சில முறை நடந்துவிடக்கூடிய காரியம். இந்த நாரைகளுக்குத் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருந்தாலும் கவலை இல்லை. சின்னக்கொக்கும் பெரிய கொக்கும் தெளிந்த ஓரங்களைத் தேடிப் போவதையும், கலங்கலின் நடுவில் நாரைகள் மும்முரமாக இருப்பதையும் ஒரே பார்வையில் பார்க்கும் நாள் உங்களுக்கு வாய்க்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு கேமராவைக் கையாளும் முறையே மாறிவிடுகிறது. குத்து நடந்த பிறகு பொத்தானை அழுத்தினால் தெறித்த தண்ணீர்தான் கிடைக்கும். நெருங்கு கட்டத்தைக் கண்டுகொள்ளப் பழக வேண்டும். நடந்துகொண்டிருந்த கொக்கு நிற்கும். கழுத்து பின்வாங்கி மடியும். பிறகு தலை மட்டும், உடம்போடு சம்பந்தமே இல்லாதது போல, ஒரே நேர்கோட்டில் மெல்ல முன்னேறி இறங்கும். அப்போதே தொடர்ச்சியாக எடுக்கத் தொடங்கிவிட வேண்டும். காற்றில் கோரைத் தண்டு ஆடும்போது அதன்மேல் நிற்கும் குருகின் தலை ஆடாமல் நிற்பதைக் கவனித்தால் இந்தத் தலையின் நிதானம் புரியும். அசையும் தாங்கியின்மேல் கொக்குகளை நிறுத்தி, உடம்பு அசைந்தாலும் கழுத்து அதைச் சரிக்கட்டித் தலையை நிலையாக வைத்திருப்பதை கட்சீரின் குழு 2001இல் அளந்தும் காட்டியது.

பக்கவாட்டிலிருந்து, நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து எடுத்த படம் இன்னொரு காரியத்துக்கும் உதவும். அசையாத தண்ணீரில் கொக்கின் பிம்பமும் விழுந்திருக்கும். அலகு நுனிக்கும் அதன் பிம்பத்துக்கும் சரிபாதியில் ஒரு புள்ளி, காலின் ஒரு மடிப்புக்கும் அதன் பிம்பத்துக்கும் சரிபாதியில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் அதுதான் நீர்மட்டக் கோடு. அந்தக் கோட்டோடு அலகு செய்யும் கோணத்தைப் பள்ளிக்கூடக் கோணமானியை வைத்தே அளந்துவிடலாம். ஆய்வகத்தில் செய்த அதே அளவீட்டை நம் ஏரியில் நின்று, நம் கொக்கை வைத்து, ஓரளவுக்குச் செய்து பார்க்க முடியும்.

இதற்குப் பறவை இயல்பாக இருந்தாக வேண்டும். மேயும் கொக்கு கழுத்தை நேராக நிமிர்த்திக்கொண்டு நம்மைப் பார்த்தால் நாம் வரம்பு மீறிவிட்டோம் என்று பொருள். அங்கேயே உட்கார்ந்துவிடுவது அல்லது பின்வாங்குவதுதான் முறை. கூடு கட்டும் காலத்தில் மரங்களை நெருங்கவே கூடாது. தாய்ப்பறவை எழுந்து பறந்த சில நிமிடத்தில் காகம் வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நல்ல படம் ஒன்றுக்காக ஒரு கூட்டை இழக்கச் செய்பவரைப் பறவை ஆர்வலர் என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தத் திறமை பிறவியிலேயே முழுதாக வருகிறதா? சின்ன நீலக் கொக்கு என்று அமெரிக்காவில் ஓர் இனம் உண்டு. முதல் வயதில் வெள்ளையாக இருந்து, வளர்ந்த பிறகு நீலமாகும். தூரத்திலிருந்தே வயதைச் சொல்லிவிடலாம் என்பதால், ஹாரி ரெச்சரும் ஜூடி ரெச்சரும் இளசுகளையும் பெரியவற்றையும் ஒப்பிட அதைத் தேர்ந்தெடுத்து 1969இல் எழுதினார்கள். இளம் பறவைகள் மீன் பிடிப்பதில் பெரியவற்றுக்கு ஈடாகவில்லை. பழக்கத்தில்தான் கை தேர்கிறது. நம் ஊரில் இதைப் பார்க்க வக்கா இருக்கிறது. பெரியது கறுப்பு முதுகும் சாம்பல் சிறகுமாக இருக்கும், இளசு பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். வக்கா இரவாடி என்றாலும் அந்தி சாயும்போதும் விடியும்போதும் கரையோரம் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் பொரித்த குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் பருவத்தில், பழுப்பு வக்கா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு குத்தையும் நெருங்கு கட்டத்திலிருந்தே தொடர்ச்சியாக எடுத்துவையுங்கள். வெறும் அலகோடு தலை மேலே வரும் படங்களையும் அழிக்காமல், பிடித்தது, தவறியது என்று இரண்டு கோப்புறையில் பிரித்து, தலை வேகம் பிடித்த சட்டகத்தை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.